கிருமி இல்லை என்றால் வலியும் இல்லை என்று யார் சொன்னது?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஆனால் யோசித்து எழுதுகிறேன்.

நம் உறவுக்காரர்கள் குழுவில் போன வாரம் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றியது. அடிக்கடி சிறுநீர் போகிறதா, அடிவயிறு வலிக்கிறதா, எல்லாம் உடம்புச் சூடுதான், இந்தப் பொடியைச் சாப்பிட்டால் மூன்றே நாளில் நிரந்தரத் தீர்வு என்று. அனுப்பியவர் நல்ல மனசோடுதான் அனுப்பியிருப்பார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதற்குக் கீழே ஒருவர், "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் பாதி உடம்பு, பாதி மனசு" என்று எழுதியிருந்தார். அதற்கு நாலு பேர் கைதட்டியிருந்தார்கள். அந்த நாலு கைதட்டலுக்குத்தான் இந்தப் பதில்.

இது எனக்கு இருக்கிற நோய். ரிட்டயர் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஆரம்பித்தது. என்ன நோய் என்று பெயர் தெரிய ஐந்து வருஷம் ஆனது. அந்த ஐந்து வருஷத்து ஃபைலை இப்போதும் வைத்திருக்கிறேன். பதினொரு தடவை ஆன்டிபயாட்டிக் எழுதியிருக்கிறார்கள். சிறுநீர்க் கல்ச்சர் டெஸ்ட் எடுத்தது இரண்டே தடவை. இரண்டிலும் கிருமி வளரவில்லை. "கிருமி இல்லையே, அப்புறம் ஏன் அழறீங்க?" என்று ஒரு இடத்தில் கேட்டார்கள். இன்னொரு இடத்தில், "வேலையை விட்ட பிறகு பொழுது போகாமல் இப்படித்தான் தோணும்" என்றார்கள். எந்த இடம், யார் என்பது வேண்டாம். ஒருவரைத் திட்டுவதற்காக நான் எழுதவில்லை. இப்படிச் சொல்கிறவர்கள் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து முப்பத்துநாலு வருஷம் பாடம் நடத்தியவள். ஆனால் ஒரு வாக்கியத்தில் இருக்கிற தப்பைக் கண்டுபிடிக்க அந்தப் படிப்பு போதும். கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்தால், கிருமி இல்லை என்றுதான் அர்த்தம். நோய் இல்லை என்று எந்த ரிப்போர்ட்டும் சொல்லவில்லை.

முதலில் இந்தச் சூட்டு விவகாரம். நம் தஞ்சாவூர்ப் பக்கம் இதற்குச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, சூட்டுப்பிடிப்பு. சித்திரை வெயிலில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அலைந்து, சாயங்காலம் சிறுநீர் எரிந்தால் நாலு சொம்புத் தண்ணீரும் இளநீரும் நீர்மோரும் குடித்தால் சரியாகப் போகும். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு படுங்கள், யாரும் தடுக்கவில்லை. பாட்டி வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. ஆனால் பாட்டி சொன்னது ஒரு நாள் கடுப்புக்கு. மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் இருக்கிற வலிக்கு அதே எண்ணெயை வைத்து, "இன்னும் சூடு இறங்கலை" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அது வைத்தியம் இல்லை. அவள் சொல்வதைக் காதில் வாங்காமல் இருப்பதற்கு ஒரு வழி.

நான் சொல்கிற வலி வேறு மாதிரி. சிறுநீர்ப்பையில் நீர் சேரச் சேர அடிவயிற்றில் வலி ஏறும். போய்விட்டு வந்தால் கொஞ்சம் குறையும். அரை மணியில் மறுபடி ஆரம்பிக்கும். பகலில் பதினைந்து, இருபது தடவை. ராத்திரி நாலைந்து தடவை. சிலருக்குத் தாம்பத்தியமே பயமாகிவிடும். அதை வெளியில் சொல்ல முடியாமல், "புருஷனை ஒதுக்குகிறாள்" என்று பெயர் வாங்கிக்கொண்டு இருக்கிற பெண்கள் நம் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

இதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைடிஸ், அல்லது பிளாடர் பெயின் சிண்ட்ரோம். தமிழில் நாள்பட்ட சிறுநீர்ப்பை வலி என்று சொல்லலாம். கிருமியோ வேறு காரணமோ இல்லாமல், சிறுநீர்ப்பை சம்பந்தப்பட்ட வலியோ அழுத்தமோ ஆறு வாரத்துக்கு மேல் இருந்து, கூடவே அடிக்கடி சிறுநீர் வருகிற தொந்தரவும் இருந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும் என்று அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. பெண்களுக்கு அதிகம். ஆண்களுக்கும் வரும். அவர்களுக்கு அநேகமாக "பிராஸ்டேட்" என்று சொல்லிவிடுவார்கள்.

இது நேற்று முளைத்த நோய் இல்லை. 1915இல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து டாக்டர் கை ஹன்னர், சிறுநீர்ப்பைக்குள் ஒரு வகைப் புண் இருந்த 8 பெண்களைப் பற்றி எழுதினார். அந்தப் பெண்கள் அவரிடம் வருவதற்கு முன் சராசரியாக 17 வருஷம் அந்த வலியோடு இருந்திருக்கிறார்கள். அந்தப் புண்ணுக்கு இன்றும் அவர் பெயர்தான். ஆனால் இந்த நோய் உள்ளவர்களில் சிறு பங்குக்குத்தான் அந்தப் புண் இருக்கும். மற்றவர்களுக்குக் கருவி விட்டுப் பார்த்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். கண்ணுக்குப் புண் தெரியாதவர்களுக்கு "மனசு" என்று முத்திரை குத்தினார்கள். மருத்துவப் புத்தகங்களிலேயே பல வருஷம் இதை மனநிலை சம்பந்தப்பட்ட கோளாறு என்ற தோரணையில் எழுதிவைத்திருந்தார்கள்.

அதை மாற்றியதில் ஒரு மாணவிக்குப் பெரிய பங்கு உண்டு. விக்கி ராட்னர் என்று அமெரிக்க மருத்துவ மாணவி. அவருக்கே இந்த வலி. பார்த்த டாக்டர்கள் பலர் ஒன்றும் இல்லை என்றார்கள். அவரே மருத்துவ நூலகத்தில் தேடி, தன் நோயின் பெயரைக் கண்டுபிடித்தார். 1984இல் இந்த நோயாளிகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். டெலிவிஷனில் பேசியதும் ஆயிரக்கணக்கான கடிதங்கள் வந்து குவிந்தன. அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் மனசு கெட்டுப்போயிருக்குமா? இப்போது நம் நாட்டிலும் இந்த நோய்க்கென்றே டாக்டர்கள் சேர்ந்து "கிப்ஸ்" என்று ஒரு சங்கம் நடத்துகிறார்கள். நம் குழுவில் இருக்கிறவர்களுக்குத்தான் இன்னும் இது சூடு.

உள்ளே என்ன நடக்கிறது? முழுக் காரணம் இன்னும் யாருக்கும் தெரியாது. ஆராய்ச்சியாளர்கள் சொல்கிற மூன்று விஷயங்களை வகுப்பில் சொல்கிற மாதிரி சொல்கிறேன்.

ஒன்று, பூச்சு. நெல் கொட்டுகிற குதிரின் உள்பக்கம் மண்ணும் சாணமும் குழைத்துப் பூசியிருப்பார்களே, அது மாதிரி சிறுநீர்ப்பையின் உள்சுவருக்கும் ஒரு மெல்லிய பூச்சு உண்டு. அது பழுதானால் சிறுநீரில் இருக்கிற உப்பும் அமிலமும் சுவரை உறுத்தும்.

இரண்டு, நரம்பு. திருடன் ஓடிப்போன பிறகும் விடிய விடியக் கூவிக்கொண்டிருக்கிற தலையாரி மாதிரி, நரம்பு ஓயாமல் வலி, வலி என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். தலையாரி கூவுவது நிஜமான சத்தம். திருடன் இல்லாததால் சத்தமே இல்லை என்று ஆகிவிடாது.

மூன்று, அடித்தளத் தசை. இடுப்புக்குக் கீழே இருக்கிற தசைகள் இறுகிப்போய், வாய்க்கால் மதகுப் பலகை தூக்க வராமல் சிக்கிக்கொள்கிற மாதிரி ஆகிவிடும். அந்த இறுக்கமே தனி வலி.

இதில் எங்கே வருகிறது உடம்புச் சூடு? எங்கே வருகிறது பொழுதுபோகாமை?

அடுத்தது ஆன்டிபயாட்டிக். இதை மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிற என் பிள்ளைகள் கவனமாகப் படியுங்கள். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் பட்டுக்கோட்டையிலும் நீங்கள் கடை வைத்திருப்பது எனக்குப் பெருமைதான். ஆனால் ஒரு பெண் வந்து தலையைக் குனிந்துகொண்டு "யூரின் எரியுது" என்றால், மேல் தட்டில் கையை விட்டு நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கக் கூடாது என்பது சட்டம். எச்1 பட்டியலில் இருக்கிற மருந்துகளுக்கு 2014 முதல் தனிப் பதிவேடு வைத்து, அதை மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். சிப்ரோஃப்ளாக்ஸசின் குடும்பத்து மாத்திரைகள் தசைநாணையும் நரம்பையும் பாதிக்கலாம், வேறு வழி இருக்கிறபோது சாதாரண நீர்த்தொற்றுக்கு அவற்றைக் கொடுக்காதீர்கள் என்று 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. அதே மாத்திரைகளைத்தான் நாம் கடலை மிட்டாய் மாதிரி வாங்கி விழுங்குகிறோம்.

"அப்போ ஆன்டிபயாட்டிக்கே வேண்டாம் என்கிறீர்களா டீச்சர்?" என்று கேட்பீர்கள். இல்லை. கிருமித்தொற்று நிஜமானது, ஆபத்தானது. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்க வலி, வாந்தி இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கர்ப்பிணிகள் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. கிருமி இருந்தால் டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் மாத்திரையை முழுசாகச் சாப்பிட வேண்டும். நான் கேட்பது ஒன்றுதான். திரும்பத் திரும்ப வருகிற தொந்தரவு என்றால், மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னால் கல்ச்சர் எடுங்கள். ரிசல்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். கிருமி இல்லை என்று வந்த பிறகும் ஆன்டிபயாட்டிக்கை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். இந்த நோய்க்கு நீண்டகால ஆன்டிபயாட்டிக் கொடுக்கக் கூடாது என்று அந்த அமெரிக்க வழிகாட்டுதலே தெளிவாகச் சொல்கிறது. வலியும் போகாது, அடுத்த தடவை நிஜமான கிருமி வந்தால் மருந்தும் கேட்காது.

சரி, என்னதான் செய்வது? டைரியில் குறித்துக்கொள்ளுங்கள்.

1. யூராலஜி டாக்டரைப் பாருங்கள். "கிட்னி டாக்டர்" என்று பொதுவாகச் சொல்லி, கிட்னி ஃபெயிலியருக்குப் பார்க்கிற நெஃப்ராலஜி டாக்டரிடம் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். அவர் வேறு, இவர் வேறு.

2. போவதற்கு முன் மூன்று நாள் கணக்கு எழுதுங்கள். எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு போனது (அளவு போட்ட பிளாஸ்டிக் கப் போதும்), வலி பத்துக்கு எத்தனை, என்ன சாப்பிட்டீர்கள். "அடிக்கடி போகுதுங்க" என்று வாயால் சொல்வதை விட அந்தக் காகிதம் பேசும்.

3. வேறு நோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். சிறுநீர் டெஸ்ட், கல்ச்சர், சர்க்கரை, ஸ்கேன். சிறுநீரில் சீழணுக்கள் இருந்தும் சாதாரண கல்ச்சரில் கிருமி வளரவில்லை என்றால் காசநோய்க்குப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் அது முக்கியம். சிறுநீரில் ரத்தம் வந்தால், வலி இல்லாவிட்டாலும், தள்ளிப்போடாதீர்கள். கல்லாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் இன்னும் ஜாக்கிரதை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வறட்சியாலும் எரிச்சல் வரும். அதற்கு வேறு மருந்து இருக்கிறது, கேளுங்கள்.

4. சாப்பாடு. நம் ஊரில் சொன்னால் அடிக்க வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன். இந்த நோய் உள்ள பலருக்கு முதல் எதிரி காப்பி. ஆமாம், கும்பகோணம் டிகிரி காப்பிதான். அப்புறம் தக்காளி, எலுமிச்சை, ஆரஞ்சு, மிளகாய்க் காரம், சோடா, குளிர்பானம். எனக்குப் புளிக்குழம்பும் ஆகாது. எல்லாருக்கும் எல்லாம் ஆகாது என்பதில்லை. சந்தேகப்படுகிறவற்றைச் சில வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால் உங்கள் எதிரி யார் என்று தெரிந்துவிடும். தண்ணீரைக் குறைக்காதீர்கள். குறைத்தால் சிறுநீர் கெட்டியாகி இன்னும் உறுத்தும்.

5. பிசியோதெரபி. இறுகின தசையைக் கையால் தளர்த்துகிற சிகிச்சை இது. 81 பெண்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 59 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். உடம்புக்குச் சாதாரண மசாஜ் பெற்றவர்களில் 26 சதவீதம்தான். இன்னொன்று, இருமினால் சிறுநீர் கசிகிறவர்களுக்குச் சொல்லித்தருகிற, இறுக்கிப் பிடிக்கிற கீகல் பயிற்சியை யூடியூபில் பார்த்துச் செய்யாதீர்கள். ஏற்கெனவே இறுகியிருக்கிற தசையை அது மேலும் இறுக்கும்.

6. மாத்திரை. அமிட்ரிப்டிலின் என்று ஒன்றைக் குறைந்த அளவில் ராத்திரி கொடுப்பார்கள். உடனே நம் வீட்டு மாப்பிள்ளைகள் போனில் தேடி, "ஐயோ, இது மனநோய் மாத்திரை" என்று பிடுங்கிவிடுவார்கள். மனச்சோர்வுக்கு வந்த மருந்துதான். குறைந்த அளவில் நரம்பு வலியையும் அடக்கும், அதற்காகக் கொடுக்கிறார்கள். தூக்கக் கலக்கம், நாக்கு வறட்சி, மலச்சிக்கல் வரலாம். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பென்டோசான் என்று இன்னொரு மருந்து, உள்பூச்சுக்காகக் கொடுப்பது. அதை நீண்ட நாள் சாப்பிட்டால் கண் விழித்திரை பாதிக்கப்படலாம் என்று 2020இல் எச்சரிக்கை சேர்த்தார்கள். அதனால் ஆரம்பிக்கும்போதே கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

7. இதற்கும் அடங்காவிட்டால் மெல்லிய குழாய் வழியே சிறுநீர்ப்பைக்குள் மருந்து விடுவார்கள். ஹன்னர் புண் இருக்கிறவர்களுக்கு உள்ளே கருவி விட்டு அந்தப் புண்ணைச் சுட்டுவிட்டாலோ ஊசி போட்டாலோ நல்ல குணம் தெரியும். அதனால்தான், புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் பயந்துகொண்டு ஓடக் கூடாது.

"நிரந்தரத் தீர்வு" என்று யார் விளம்பரம் செய்தாலும் நம்பாதீர்கள். அடியோடு தீர்க்கிற மருந்து இன்னும் வரவில்லை. சர்க்கரை மாதிரி, ஆஸ்துமா மாதிரி, கட்டுக்குள் வைத்துக்கொண்டு வாழ முடியும். எனக்கு இப்போது ராத்திரி ஒரு தடவைதான் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. நாலு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்குகிறேன். அந்தத் தூக்கத்தின் அருமை, அது இல்லாமல் ஐந்து வருஷம் கிடந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னும் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். சிறுநீரை அடக்கிவைப்பதால்தான் இந்த நோய் வருகிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை, நானும் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த நோய் உள்ளவளுக்கு அடக்கிவைப்பது சித்திரவதை. நம் டெல்டாவில் அடக்காமல் இருக்க வழி எங்கே இருக்கிறது? மேட்டூர் திறந்து குறுவை நடவு ஆரம்பித்தால் விடிகாலையில் வயலில் இறங்குகிற பெண், வெட்டவெளியில் எங்கே போவாள்? அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் குனிந்து நடுகிறாள். ஜவுளிக்கடையில் நிற்கிற பெண்ணுக்கு உட்காரும் உரிமையைத் தமிழ்நாட்டில் 2021இல் சட்டமாக்கினோம். பக்கத்துக் கேரளத்தில் 2018இலேயே அதைக் கொண்டுவர வைத்தது கோழிக்கோட்டுக் கடைப் பெண்களின் போராட்டம். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலி இல்லை, கழிப்பறை.

பள்ளிக்கூடமும் அப்படித்தான். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் கழிப்பறை இருந்தும், பீரியட் முடியட்டும் என்று உட்கார வைக்கிற வழக்கம் போகவில்லை. என் வகுப்பில் அதற்குக் கை தூக்கி அனுமதி கேட்க வேண்டாம், எழுந்து போய்விட்டு வரலாம் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இப்போது ஆசிரியர்களாக இருக்கிற என் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அந்த ஐந்து நிமிஷத்தில் உங்கள் சிலபஸ் ஒன்றும் கெட்டுப்போகாது.

டாக்டர்களாக இருக்கிற பிள்ளைகளே, உங்கள் ஓ.பி.யில் எவ்வளவு கூட்டம் என்று எனக்குத் தெரியும். ஒரு ஆளுக்கு மூன்று நிமிஷம்கூட இல்லை. ஆனாலும் கல்ச்சரில் கிருமி இல்லை என்று வந்த பெண்ணிடம், "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள். "கிருமி இல்லை. வலிக்கு வேறு காரணம் பார்க்கணும்" என்று சொல்லுங்கள். அதற்கும் அதே நேரம்தான் ஆகும். முதல் வாக்கியம் அவளை வீட்டுக்கு அனுப்பி வாயை மூட வைக்கும். இரண்டாவது சரியான டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

மாமியார்களே, நாத்தனார்களே, கல்யாண வீட்டில் ஒரு பெண் நாலு தடவை எழுந்து போனால் கண்ணைக் காட்டிச் சிரிக்காதீர்கள். கணவன்மார்களே, பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கேட்க உங்களுக்கு என்ன வெட்கம்? அவள் வலியென்று சொன்னால், முதலில் நம்புங்கள். மற்றதை டெஸ்ட் சொல்லும்.

"இதையெல்லாமா முகநூலில் எழுதுவது, வயசு காலத்தில்?" என்று வீட்டிலேயே கேட்டார்கள். முழங்கால் வலியை எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள். சிறுநீர்ப்பையும் உடம்பில்தான் இருக்கிறது. இதைச் சொல்ல வெட்கப்பட்டதால்தான் அந்தப் 17 வருஷக் கணக்கு நம் ஊரிலும் நீண்டுகொண்டே போகிறது.

உங்களுக்கோ, உங்கள் அம்மாவுக்கோ, தங்கச்சிக்கோ இப்படி இருந்தால் இன்பாக்ஸில் எழுதுங்கள். பெயர் வெளியே போகாது. மருந்து நான் சொல்ல மாட்டேன், அது டாக்டர் வேலை. ஆனால் என்ன கேட்க வேண்டும், எந்தக் காகிதத்தை எடுத்துப் போக வேண்டும் என்று சொல்வேன். தனியாகப் போகத் தயங்கினால், தஞ்சாவூருக்குள் என்றால் கூடவே வருவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்